மாடு நக்கிய ரோடு

போன வாரம் திவ்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவள், இப்போது உதவிப் பொறியாளர். இருங்காட்டுக்கோட்டை பக்கம் ஏ.சி. போட்ட ஓட்டலில் ஒரு கருத்தரங்கமாம். சாலை அடித்தளத்துக்கு உப்புத் தண்ணீரைப் பயன்படுத்துவது பற்றி வெளியூர்ப் பேராசிரியர்கள் பேசப் போகிறார்களாம். மதியச் சாப்பாடு உண்டாம்.

"நல்ல தண்ணிய மிச்சம் பண்றதுக்கு இது புது ஐடியா மேம். கம்பெனிங்க சுத்திகரிச்சு கழிச்சு வுடுற உப்புத் தண்ணி எல்லாம் சும்மாதானே போவுது, அத்த ரோட்டு பேஸுக்கு வுடலாம்ன்றாங்க. நீங்க ஒரு பத்து நிமிஷம் பேசணும். எங்க காலத்துல இதெல்லாம் கிடையாது, ரொம்ப கஷ்டப்பட்டோம்னு சொன்னா போதும்."

"எங்க காலத்துல கிடையாதுன்னு யாரு சொன்னா?"

"இருந்துச்சா மேம்?"

"தாராளமா இருந்துச்சு. தொண்ணூத்தொண்ணுலயே ஒரகடத்துல போட்டோம். என்ன, நீங்க கருத்தரங்கம் வெக்கிறீங்க. நாங்க ஒரு மாட்டைப் புடிச்சு உள்ள அடைச்சோம்."

பாவம், ரொம்ப மரியாதையாகக் கேட்டாள். "அத்த கொஞ்சம் பாசிட்டிவா சொல்ல முடியுமா மேம்?"

முடியாது. அதனால்தான் எழுதி அனுப்புகிறேன். மேடையில் வாசிப்பதும் வாசிக்காததும் அவர்கள் பாடு. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் ரோட்டுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. ரோட்டைப் பேர்த்து இன்னொரு தரம் போடலாம், அதற்குத்தானே சம்பளம் வாங்கினோம். உயிருக்கு ஆபத்தாக மாட்டிக்கொண்டது ராணி என்கிற ஒரு சினைப் பசு.

என் படிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ. வெயிலில் நின்று சர்வே எடுத்தால் பெண் கறுத்துவிடுவாள், கல்யாணம் ஆகாது என்று என் அத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். கறுத்தேன், கல்யாணமும் ஆனது. அத்தைக்குத்தான் அது ஏமாற்றம். தேர்வு எழுதிச் சாலைத் துறையில் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் ஆபீசில் உட்கார வைத்து வரைபடத்துக்கு வண்ணம் தீட்டச் சொன்னார்கள். பெண்களுக்கு நல்ல கைவேலை வரும் என்பது அப்போதைய பெரிய அதிகாரிகளின் கண்டுபிடிப்பு. சண்டை போட்டு சைட்டுக்கு மாற்றிக் கேட்டேன். கொடுத்தார்கள், ஆனால் தண்டனையாக நினைத்துத்தான் கொடுத்தார்கள்.

அப்படி வந்து சேர்ந்த இடம் ஒரகடம். இப்போது அங்கே போகிறவர்களுக்கு நான் சொல்வது புரியாது. இன்று கார் கம்பெனியும் கன்டெய்னர் லாரியுமாக இருக்கிற இடத்தில் அன்று வேலிக்காத்தான் முள்தான் கம்பெனி. அந்த வருடம் மே மாதத்துக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை என்று சொன்னாலே எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடும். அதைப் பற்றி எழுத நான் யாருமில்லை. ஊர் அந்த அடியிலிருந்து மெல்ல எழுந்துகொண்டிருந்தபோது எங்களுக்கு ஓர் ஆணை வந்தது. ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து உள்ளே ஒரு பெரிய தொழிற்சாலை வரப் போகிறது, அதற்கு இணைப்புச் சாலை போடு, சீக்கிரம் போடு.

எங்கள் மேலதிகாரி உதவிக் கோட்டப் பொறியாளர் கோதண்டபாணி. எல்லோருக்கும் ஏ.டி.இ. அவரைப் போல மரியாதையான மனிதரை நான் பார்த்ததில்லை. கோபமே வராது. குரலை உயர்த்த மாட்டார். ரோலர் கிளீனரைக்கூட 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். ஆளை வேலையை விட்டு அனுப்பும்போதும் "நீங்க நாளையிலேர்ந்து சிரமப்பட வேண்டாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்புவார். வாயைத் திறந்தால் 'ரெக்கார்டுக்காக'. ரெக்கார்டுக்காக ஒரு போட்டோ எடுத்துடுங்க, ரெக்கார்டுக்காக ஒரு கையெழுத்து போட்டுடுங்க. ரோட்டுக்காக என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

ஜீப்பை விட்டு இறங்க மாட்டார். தூசு ஒத்துக்கொள்ளாது. அவருக்கு ரத்தக் கொதிப்பு. வீட்டிலிருந்து மூன்றடுக்கு கேரியரில் உப்பில்லாத சோறு, உப்பில்லாத பருப்பு, உப்பில்லாத பொரியல் வரும். அதை ஜீப்பிலேயே உட்கார்ந்து தினமும் மனம் கோணாமல் சாப்பிடுவார். அந்தப் பொறுமைக்கு மட்டும் நான் தலை வணங்குகிறேன்.

ரோடு போடும் முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மாடு எங்கே வந்தது என்று கேட்பீர்கள். அன்று எங்கள் பக்கத்துச் சாலைக்கு அடித்தளம் ஜல்லிதான். மண்ணைச் சமப்படுத்தி, கிராவல் கொட்டி இறுக்கி, அதன் மேல் பெரிய ஜல்லியைப் பரப்பி ரோலர் விடுவோம். ஜல்லி ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். அதன் மேல் சன்ன ஜல்லி தூவி இடுக்கை அடைப்போம். அப்புறம் கிராவல் மண்ணைத் தூவி, தண்ணீர் விட்டு, துடைப்பத்தால் வாரி வாரித் தள்ளி, மறுபடி ரோலர். தண்ணீர், துடைப்பம், ரோலர். தண்ணீர், துடைப்பம், ரோலர். ரோலர் சக்கரத்துக்கு முன்னால் சேறு தோசை மாவு மாதிரி சுருண்டு ஓட வேண்டும். அது ஓடினால்தான் இடுக்கெல்லாம் நிறைந்தது என்று அர்த்தம். காய்ந்ததும் மேலே மெல்லிசாக முதல் தார்ப் பூச்சு, அதன் மேல் தார் ஜல்லி.

இத்தனைக்கும் உயிர் தண்ணீர். குடிக்கத் தகுந்த தண்ணீர்தான் ரோட்டுக்கும் என்பது விதி. அதைச் சோதிக்க ஏ.டி.இ. ஒரு முறை வைத்திருந்தார். காலையில் முதல் டேங்கர் லாரி வந்து நிற்கும். அவர் ஜீப்பில் உட்கார்ந்திருப்பார். நான் ஒரு எவர்சில்வர் டம்ளரில் லாரிக் குழாயிலிருந்து தண்ணீர் பிடித்து, எல்லோர் முன்னிலையிலும் குடித்து, "நல்ல தண்ணி சார்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அவர் ரெக்கார்டில் குறித்துக்கொள்வார். கோவில் தீர்த்தம் தருவது போல அவ்வளவு சிரத்தையாக நடக்கும். முதல் லாரி மட்டும்தான். மற்ற லாரிகளையும் குடித்துப் பார்க்கிறேன் என்றேன். "உங்க வயிறு என்னத்துக்கு ஆகும்மா, ஒண்ணு போதும்" என்று என் உடல்நலத்தில் அக்கறை காட்டினார்.

லாரி டிரைவர் ஏழுமலை. நல்ல மனிதன், ஆனால் முட்டாள் இல்லை. முதல் லோடை மணிமங்கலத்துக் கிணற்றிலிருந்து கொண்டுவருவான். இளநீர் மாதிரி இருக்கும். அதற்கு மேல் அவ்வளவு தூரம் போக அவனுக்கு என்ன தலையெழுத்தா? பக்கத்திலேயே ஒரு கிணறு இருந்தது. மோட்டார் போட்டால் பொத்துக்கொண்டு வரும். அத்தனை வறட்சியிலும் அதில் மட்டும் தண்ணீர் குறையாது, ஏனென்றால் எந்தப் பயிரும் அதைக் குடிக்காது. அவ்வளவு உப்பு.

இந்த ரகசியத்தை உடைத்தவர் எஸ்தரக்கா. பக்கத்துக் காலனியிலிருந்து பானையில் மோர் கொண்டுவந்து சைட்டில் விற்பார். வீட்டுக்காரர் கல் உடைக்கும் கிரஷரில் வேலை பார்த்து, கடைசியில் இருமலை மட்டும் சம்பாதித்துக்கொண்டு திரும்பியவர். வீட்டில் ஒரு எருமை, ஒரு பசு. எருமைக்குப் பால் வற்றிக்கொண்டிருந்தது. பசுதான் ராணி, தலைச்சன் சினை. ராணி கன்று போட்டால்தான் அந்த வீட்டில் அடுத்து அடுப்பெரியும். எஸ்தரக்கா என்னைப் பார்த்தால் முதலில் ராணிக்கு மடி இறங்கியதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றது பேசுவார்.

ஏ.டி.இ.க்கு தினமும் ஒரு சொம்பு மோர், உப்பில்லாமல். ஒரு நாள் மத்தியானம் ஜீப்புக்குள்ளிருந்து துப்பும் சத்தம் கேட்டது. அவர் துப்பி நான் கேட்டது அன்றுதான்.

"எஸ்தரம்மா, உப்பு போட வேண்டாம்னு உங்ககிட்ட சொல்லியிருந்தேனே."

"அய்ய, நான் எங்க போட்டேன்? உன் லாரிதான் போட்டுச்சு."

"லாரியா?"

"காலைல வர்ற லாரித் தண்ணிய ஊத்திக் கடைஞ்சா மோர் சப்புன்னு கீது. அதுக்கப்பால வர்ற லாரில புடிச்சா உப்பே போட வேணாம் சார். இன்னிக்கு காலைல லாரிய வுட்டுட்டேன், லேட்டா வந்தேன். அதான்."

மோரில் தண்ணீர் ஊற்றுவதை இத்தனை பேர் முன்னால் இவ்வளவு கூச்சமில்லாமல் ஒப்புக்கொண்ட மோர்க்காரியை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. ஏழுமலை லாரிக்கு அடியில் ஏதோ ரிப்பேர் பார்ப்பது போலக் குனிந்துகொண்டான். நான் ஓடிப்போய் அந்த லாரித் தண்ணீரைக் கையில் பிடித்து வாயில் வைத்தேன். நாக்கு சுருண்டுவிட்டது. வந்த கோபத்துக்கு ஏழுமலையை அங்கேயே நாலு கேள்வி கேட்டேன். "மேடம், நான் இன்னா பண்ணுவேன்? எடுத்தாறச் சொன்ன எடத்துலேர்ந்து எடுத்தார்றேன்" என்றான். சொன்னவர் கான்ட்ராக்டர். கான்ட்ராக்டரிடம் சொன்னவர் யார் என்று கேட்கும் அளவுக்கு எனக்குச் சர்வீஸ் ஆகியிருக்கவில்லை.

ஏ.டி.இ.யிடம் போய், வேலையை நிறுத்தச் சொல்லுங்கள் சார் என்றேன். அவர் கோபப்படவில்லை, அவருக்குத்தான் கோபமே வராதே. வாயைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுத்தார்.

"பதட்டப்படாதீங்கம்மா. உப்பு ஈரத்தைப் புடிச்சு வெக்கும். இந்த வெயில்ல நல்ல தண்ணி விட்டா ரோலர் வர்றதுக்குள்ள காஞ்சுடுது. உப்புத் தண்ணி காயாது. தூசு பறக்காது. வெளிநாட்டுல கடலோரத்துல எல்லாம் கடல் தண்ணியிலயே போடுறான்."

இதில் எனக்கு எரிச்சல் என்னவென்றால் அவர் சொன்னது பொய் இல்லை. திவ்யா, உங்கள் பேராசிரியர்களும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் கூடவே இன்னொன்றும் சொல்வார்கள், சாப்பாட்டு நேரம் வந்துவிட்டால் அதை விட்டுவிடுவார்கள். உப்பு இருந்த இடத்தில் இருக்காது. அடியிலிருக்கும் ஈரம் வெயிலுக்கு மேலே ஏறும். உப்பு அதோடு கைகோத்து ஏறும். மேலே வந்ததும் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு தார்ப் பூச்சுக்கு அடியில் தங்கிவிடும். தங்கி, வளரும். வளர்ந்தால் மெல்லிசான பூச்சைத் தூக்கும். உடனே மேலே கனமாகத் தார் ஜல்லி போட்டு மூடி, வண்டிகளையும் ஓடவிட்டால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். திறந்து போட்டால் தொலைந்தோம்.

இதை அவரிடம் சொன்னேன். "தார் அடுத்த வாரம் வந்துடும்மா" என்றார்.

தார் வரவில்லை. நாட்டுக்கே கையில் காசில்லை என்று பேப்பரெல்லாம் எழுதிய வருடம் அது, எங்கள் தார் டிரம்முக்கு யார் கவலைப்பட்டார்கள்? முதல் பூச்சோடு ரோடு அப்படியே கிடந்தது. தொழிற்சாலை வேலை தொடங்காததால் வண்டியும் ஓடவில்லை. ஆடி வெயில் அடித்துக் கொளுத்தியது. பூமியில் வேறெங்கும் இல்லாதபடி எங்கள் ரோட்டுக்கு மட்டும் ஒரு தூறலும் விழவில்லை.

முதலில் ஓரங்களில் வெள்ளையாகப் பூத்தது. பிறகு நடுவிலும் ஆரம்பித்தது. கறுப்புப் பூச்சு பூரி மாதிரி அங்கங்கே உப்பி எழுந்தது. காலை வைத்தால் பொருக்கென்று உடையும், உள்ளே வெள்ளை மாவு. அந்த ரோட்டின் ஒவ்வொரு ஜல்லியையும் நான் நின்று பார்த்துப் போட்டிருந்தேன். பூரி உடைவது போல அது உடைவதைப் பார்த்ததும் எனக்கு அழுகைதான் வந்தது. யாரும் பார்க்காத பக்கம் திரும்பி அழுதுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு அறிக்கை எழுதப் போனேன்.

அதற்குள் எங்களுக்கு முன்பே ஆய்வுக்கு வந்துவிட்டார்கள். மாடுகள்! காலையில் மேய விட்டால் நேராக எங்கள் ரோட்டுக்குத்தான். தலையைக் குனிந்து, கண்ணை மூடி, அப்படி ஒரு சுகமாக நக்கிக்கொண்டிருக்கும். அதில் முதல் ஆளாக வருபவள் ராணி. சினை மாட்டுக்கு உப்பு வேண்டியிருக்கும்போல. கம்பெடுத்து விரட்டினால் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி குனிந்துவிடுவாள்.

ஏ.டி.இ. ஜீப்பிலிருந்தபடியே இந்தக் காட்சியைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. அன்று சாயங்காலம் என் அறிக்கையைத் திருப்பிக் கொடுத்தார். நான் 'உப்பு' என்று எழுதியிருந்த இடங்களிலெல்லாம் அடித்துவிட்டு 'வெண்ணிறப் பொருள்' என்று திருத்தியிருந்தார். கடைசியில் ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருந்தது. கட்டுப்பாடின்றித் திரியும் கால்நடைகள் தொடர்ந்து நக்கியதால் தார்ப் பூச்சு பெயர்ந்துள்ளது.

"நேர்ல பாத்தது நீங்கதாம்மா. ரெக்கார்டுக்காக ஒரு கையெழுத்து."

"மாடு நக்கி ரோடு பேந்துச்சா சார்?"

"நக்கலைன்னு சொல்ல முடியுமா உங்களால?"

நான் கையெழுத்துப் போடவில்லை. போடாவிட்டால் என்ன, அவர் தன் கையெழுத்திலேயே பஞ்சாயத்துக்குக் கடிதம் அனுப்பிவிட்டார். மறுநாள் பஞ்சாயத்து ஆட்கள் வந்தார்கள். ஓடத் தெரிந்த மாடுகள் ஓடிவிட்டன. நிறைமாதக்காரி ராணியால் ஓட முடியவில்லை. அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்திய குற்றத்துக்காக அவளைப் பிடித்துக்கொண்டு போய், தெருவில் திரியும் மாடுகளை அடைக்கும் பவுண்டில் பூட்டிவிட்டார்கள். ஏ.டி.இ. மறுப்பில்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் திறப்பார்களாம்.

நான் போய்ப் பார்த்தேன். நாலு பக்கமும் மட்டமான சுவர், மேலே கூரை இல்லை, தொட்டியில் பாசி. ராணி சுவரோரம் இருந்த ஒரு முழ நிழலில் தலையை மட்டும் நுழைத்துக்கொண்டு நின்றாள். வயிறு முழுக்க வெயிலில். சுவரில் ஒரு பக்கம் இடிந்த ஓட்டை, அதன் வழியாக நாய்கள் போய் வந்துகொண்டிருந்தன. எஸ்தரக்கா வெளியிலிருந்து கம்பிக் கதவுக்குள் கையை விட்டுப் புல்லை நீட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கோ நாளைக்கோ ஈனப் போறா மேடம். இங்க ஈன்னா கன்னு தங்காது, நாய் வுடாது. தலைச்சன் வேற. அவளுக்கே ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்க போவேன் சொல்லு" என்று கேட்டார். அவரைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

ஏ.டி.இ. எழுந்து நின்று வரவேற்றார். நாற்காலி போடச் சொன்னார். எஸ்தரக்கா உட்காரவில்லை.

"மாடு நக்கினா ரோடு பேந்துடுமா சார்? நீ இன்னா, ரோடு போட்டியா, பால்கோவா போட்டியா?"

"உங்க வருத்தம் புரியுதும்மா. ரெக்கார்டுல அப்படித்தான் இருக்கு."

"உன் ரெக்கார்டுல இன்னா எழுதிக்கினாலும் எழுதிக்கோ. என் மாட்டை வுடு. பொறவு நான் வேணும்னா அந்த பவுண்டுல போய் குந்திக்கிறேன்."

"மேலிடத்துல இருந்து பெரியவர் ஆய்வுக்கு வர்றார்மா. அது முடியட்டும். அதுவரைக்கும் மாடு அங்கதான் பத்திரமா இருக்கும்."

பத்திரமாக! எனக்கு மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டை எடுத்து வீசலாம் போலிருந்தது. வீசவில்லை. அரசாங்கச் சொத்து.

பெரியவர் என்றது கண்காணிப்புப் பொறியாளரை. தார் ஒருவழியாக வந்து சேர்ந்திருந்தது. அடித்தளம் சரியாக இருக்கிறது, மேலே போடலாம் என்று அவர் ஒப்புதல் தர வேண்டும். ஏ.டி.இ.யின் திட்டம் எளிமையானது. கூட்டிவிட்டு அப்படியே மேலே தாரைப் போட்டு மூடிவிடுவது. கேள்வி வந்தால் ராணி பதில் சொல்வாள்.

பெரியவர் ஒல்லியான மனிதர், அதிகம் பேசாதவர். மறுநாள் வந்தவர் ஜீப்பை ரோட்டின் தொடக்கத்திலேயே நிறுத்தச் சொல்லி இறங்கி நடக்க ஆரம்பித்தார். வேறு வழியில்லாமல் ஏ.டி.இ.யும் இறங்கினார். அவர் செருப்பு எங்கள் ரோட்டில் பட்டதை அன்றுதான் பார்த்தேன். பொருக், பொருக். ஒவ்வொரு அடிக்கும் ஒரு பூரி உடைந்தது. அவர் கால்விரலில் நடக்கப் பார்த்தார். அப்போதும் உடைந்தது.

"இது என்ன?" என்றார் பெரியவர்.

"கால்நடைச் சேதம் சார். மாடுங்க நக்கி நக்கி இப்படி ஆயிடுச்சு. சம்பந்தப்பட்ட மாட்டை அடைச்சு வெச்சிருக்கோம். ரெக்கார்டு இருக்கு சார்."

பெரியவர் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார். பிறகு கேட்டார். "மாடு ஏன் நக்குது?"

கோப்பில் எல்லாம் இருந்தது. மாட்டின் நிறம் இருந்தது, கொம்பின் நீளம் இருந்தது, உடையவர் பெயர் இருந்தது. இந்தக் கேள்வி மட்டும் இல்லை.

"அதுக்கு... பழக்கம் சார்."

"உப்பு சார்" என்றேன் நான். இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டு நின்றால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றிவிட்டது. "முதல் லாரி தவிர மத்த லாரி எல்லாம் உப்புக் கிணத்துத் தண்ணி."

"வெண்ணிறப் பொருள் சார்" என்று ஏ.டி.இ. பதமாகத் திருத்தினார். "உப்புன்னு இன்னும் நிரூபணம் ஆகலை. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பணும். ரிசல்ட் வர நாளாகும்."

பின்னால் மோர்ப் பானையோடு நின்றிருந்த எஸ்தரக்கா கத்திவிட்டார். "நாளாவுமா? காலைலேர்ந்து வலி கண்டு நிக்கிறா சார் அவ! பவுண்டுக்காரரு வந்து சொல்லிட்டுப் போறாரு. நீ ரிசல்டு வாங்கறதுக்குள்ள நாய் கன்னைத் தூக்கினு பூடும் சார்!"

பெரியவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். குனிந்து, காலடியில் உப்பியிருந்த ஒரு பூச்சைப் பெயர்த்து, அடியிலிருந்த வெள்ளை மாவை உள்ளங்கையில் எடுத்தார். ஏ.டி.இ.யின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"ஆய்வுக்கூடம் எல்லாம் எதுக்கு? ஒரு துளி வாயில போட்டுச் சொல்லுங்க."

ஏ.டி.இ. ஒரு அடி பின்னால் போனார். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். அத்தனை வருடச் சர்வீசில் ஒரு வார்த்தையைக்கூட யோசிக்காமல் சொல்லாத மனிதர், பதற்றத்தில் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"வேண்டாம் சார்! டாக்டர் எனக்கு உப்பே சேக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்!"

ஏழுமலைதான் முதலில் சிரித்தான். அப்புறம் ரோலர்காரர், அப்புறம் கூடைக்காரப் பெண்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பேனாவைத் தேடுவது போலத் திரும்பிக்கொண்டேன். எஸ்தரக்கா மட்டும் சிரிக்கவில்லை. பெரியவர் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "அப்போ மாட்டை விடுங்க" என்றார்.

"கடிதம் தயார் பண்ணி நாளைக்குக் காலையில..."

"இப்போ. நீங்களே போங்க." ஏ.டி.இ. ஜீப் பக்கம் திரும்பினார். "ஜீப் இருக்கட்டும், எனக்கு வேணும். நடந்தே போங்க. ரோட்டையும் பாத்த மாதிரி இருக்கும்" என்றார் பெரியவர்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உப்பு ஏறிய பூச்சையும் மேல் ஜல்லியையும் கொத்திப் பேர்த்து எடுத்தோம். மணிமங்கலத் தண்ணீரிலேயே மறுபடி போட்டோம். இம்முறை எல்லா லாரியையும் குடித்துப் பார்த்தேன், என் வயிறு நன்றாகத்தான் இருந்தது. காய்ந்த கையோடு தார் ஜல்லி போட்டு மூடினோம். அந்த ரோடு பல வருடம் உழைத்தது. ஏ.டி.இ.யைப் பதவி உயர்வு கொடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றினார்கள், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு. நான் சிரிக்கவில்லை, நீங்களும் சிரிக்காதீர்கள். ராணி வீட்டுக்கு வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் கிடேரிக் கன்று போட்டாள். எஸ்தரக்கா அதற்கு வைத்த பெயர் ரெக்கார்டு. "ஏய் ரெக்கார்டு, வா இங்க" என்று அவர் கூப்பிடும்போதெல்லாம் எங்கள் ஆபீசில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

ஆகவே திவ்யா, உப்புத் தண்ணீரில் ரோடு போடலாமா என்று கேட்டால், தாராளமாகப் போடுங்கள். உடனே மூட வக்கிருந்தால் போடுங்கள். உங்கள் மேலதிகாரி ஜீப்பை விட்டு இறங்குகிறவரா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். என் பேச்சு இவ்வளவுதான். ஆனால் உங்கள் திரையில் படம் போட்டுக் காட்ட முடியாத ஒன்று எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அன்று பவுண்டைத் திறந்து ராணியை வெளியே விட்டார்கள். நானும் கூடப் போயிருந்தேன். எஸ்தரக்காவின் இடுப்பில் மோர்ப் பானை, கையில் சொம்பு. "இத்த கொஞ்சம் புடி சார்" என்று கயிற்றை ஏ.டி.இ. கையில் திணித்துவிட்டார். அவரும் மரியாதைக்கு வாங்கிக்கொண்டார். காலனிக்குப் போக எங்கள் ரோடுதான் வழி. முன்னால் ராணி, பின்னால் கயிற்றோடு எங்கள் மேலதிகாரி, வியர்வையில் நனைந்த சட்டை, காலடியில் பொருக் பொருக் என்று உடைகிற அவருடைய ரோடு. நாலு எட்டு வைத்ததும் ராணி நின்றாள். அடிவயிறு ஒரு தரம் இறுகித் தளர்ந்தது. பிறகு தலையைக் குனிந்து, வலியோடு வலியாக, சாவகாசமாக நக்க ஆரம்பித்தாள்.

ஏ.டி.இ. சுற்றுமுற்றும் பார்த்தார். தூரத்தில் பெரியவர் ஜீப்பில் சாய்ந்துகொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஏ.டி.இ. மெதுவாகக் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தார்.

எஸ்தரக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இழுக்காத சார், வலி கண்டவ. டாக்டரு உனக்குத்தானே வேணாம்னாரு? அவளுக்கு வேணும். நில்லு."

அவர் நின்றார்.